ஏழு பிள்ளைகள், ஒரு சாட்டை

1844 அக்டோபர். இன்றைய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், வாலா வாலா ஊருக்குப் பக்கத்தில், வையிலாட்பு என்ற இடத்திலிருந்த கிறிஸ்தவ மிஷன் நிலையத்தின் முன் ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது. இரண்டே சக்கரம். அவிழ்த்துவிட்ட எருதுகள் இரண்டடி தள்ளிப் போகக்கூடத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே படுத்துவிட்டன. வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து ஒரு பையன் அழுதுகொண்டிருக்கிறான். வயது பதின்மூன்று. அவன் தம்பி சக்கரத்தின் மேல் கைகளை மடக்கிவைத்து, அதில் தலையைச் சாய்த்து, வாய்விட்டே தேம்புகிறான். வண்டியின் இந்தப் பக்கம் சின்னப் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி நிற்கிறார்கள். தலையில் தொப்பி இல்லை, காலில் செருப்பு இல்லை. அண்ணன்களைப் பார்ப்பதும் அந்த வெள்ளை வீட்டைப் பார்ப்பதுமாக இருக்கிறார்கள். மாடுகளுக்குப் பக்கத்தில், கையில் சாட்டையோடு, பொங்கி வருவதை அடக்கிக்கொண்டு ஒரு ஜெர்மன் டாக்டர் நிற்கிறார்.

இந்தக் காட்சியை எழுதிவைத்தவள் அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியான கேத்தரின் சேகர். (எழுத்துக்கூட்டினால் நம்மூர் சேகர் மாதிரியே வருகிறது. அதற்கு நான் பொறுப்பில்லை.) பிற்காலத்தில், கல்யாணமாகிக் கேத்தரின் பிரிங்கிள் ஆனபிறகு, சுமார் 1860 வாக்கில் அவள் இதை எழுதினாள்.

1926இல் ஹோனரே வில்சி மோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் குடும்பத்தின் பயணத்தைச் சிறுவர் நாவலாக்கினார். பெயர் ‘ஆன் டு ஓரிகன்!’. 1949இல் நெதர்லாந்தில் ஆன் ருட்கெர்ஸ் வான் டெர் லூஃப் இதே கதையை டச்சு மொழியில் எழுதினார். 1974இல் மோரோவின் நாவல் ‘செவன் அலோன்’ என்று சினிமாவாகவும் வந்தது. தலைப்பே சொல்லிவிடுகிறது: ஏழு பேர், தனியாக. இந்தக் கதைகளில் அப்பாவும் அம்மாவும் வழியில் இறந்தபின், மூத்தவன் ஜான் பெரியவர்களின் துணையை விட்டு விலகி, கைக்குழந்தை உட்பட ஆறு பேரைத் தானே காடு மலை தாண்டிக் கூட்டிப் போகிறான்.

நடந்தது அப்படி இல்லை. சாட்டை யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

நிஜத்தில் நடந்த ஒரு துயரம் சிறுவர் நாவலாகும்போது எது தங்குகிறது, எதைத் தள்ளிவிடுகிறோம் என்று பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஏனென்றால் இங்கே தள்ளப்பட்டது என்னவென்று நம்மிடம் எழுத்திலேயே இருக்கிறது.

கிளம்பியது

அப்பா ஹென்றி சேகர் விவசாயி, கொல்லர் வேலையும் தெரிந்தவர். ஓரிடத்தில் நிலைத்து இருக்கமாட்டாதவர் என்று மகளே எழுதுகிறாள். ஒஹையோ, இந்தியானா, பிறகு 1838இல் மிசௌரி. அவர் மனசில் முதலில் இருந்தது டெக்சாஸ். மேற்குக் கோடியிலிருந்த ஓரிகன் ஆரோக்கியமான பூமி என்று பேச்சு அடிபட்டதைக் கேட்டு, போவதென்றால் அங்கேயே போகலாம் என்றவள் அம்மா நவோமி. ஊர் மாறும் வெறி பிடித்த கணவனுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரும் மனைவி என்பதுதான் இந்த வகைக் கதைகளின் வாடிக்கை. நவோமி அதற்குள் அடங்கவில்லை. கிளம்பும்போது அவள் நிறைமாதத்துக்கு நெருங்கிய கர்ப்பிணி வேறு.

பிள்ளைகள் ஆறு பேர்: ஜான், பிரான்சிஸ், கேத்தரின், எலிசபெத், மடில்டா, லூயிசா. கேத்தரினுக்கு அப்போது ஒன்பது வயது. 1844 வசந்தத்தில் செயின்ட் ஜோசப் பக்கமிருந்து கிளம்பிய வண்டிச் சாரைக்கு ‘இண்டிபெண்டன்ட் காலனி’ என்று பெயர். அதில் இவர்கள் சேர்ந்திருந்த பிரிவின் தலைவர் கேப்டன் வில்லியம் ஷா. போகவேண்டிய தூரம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். மே மாதக் கடைசியில், வழியிலேயே, ஏழாவது குழந்தை பிறந்தது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பயணத்தைக் கற்பனை செய்வது அமெரிக்கச் சிறுவனைவிடச் சுலபம் என்று நினைக்கிறேன். அது கூண்டு வண்டிதான், நாலு சக்கரம் போட்டது. வண்டிப்பெட்டி சுமாராகப் பத்தடி நீளம், நாலடி அகலம். மேலே வளைத்த மரவில்கள், அதன்மேல் எண்ணெய் பூசிய கித்தான். பெரும்பாலும் இழுத்தவை எருதுகள். சினிமாவில் பார்ப்பதுபோல் யாரும் மேலே உட்கார்ந்து கடிவாளம் பிடிக்கவில்லை. எருதுக்குக் கடிவாளம் கிடையாது. ஓட்டுபவர் இடது பக்கமாகக் கூடவே நடக்கவேண்டும், குரலாலும் சாட்டையாலும் திருப்பவேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர், நல்ல தரையென்றால் இன்னும் கொஞ்சம். இப்படி வண்டியில் போய்ப் பழகாதவர்களுக்குக் குடல் புரளும். கேத்தரின் வீட்டிலும் அதுதான்: முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் குமட்டல், மழைக்குக் கித்தானை இழுத்துக் கட்டியதால் உள்ளே மூச்சு முட்டி அது இன்னும் மோசமானது.

அடுத்த ஆண்டு, 1845இல், அச்சான ஒரு வழிகாட்டிப் புத்தகம் பெரியவர் ஒருவருக்கு 200 பவுண்டு மாவும் 150 பவுண்டு உப்பிட்ட பன்றி இறைச்சியும் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. அதாவது 90 கிலோ மாவு, 68 கிலோ இறைச்சி. எட்டு, ஒன்பது வாய் உள்ள வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் வண்டிக்குள் ஆள் உட்கார எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கும் என்று புரியும். ஓரிகன் போனவர்களில் பெரும்பாலோர் அந்தத் தூரத்தை நடந்துதான் கடந்தார்கள்.

இருபத்தாறு நாள்

வழியில் ஒரு இடத்தில் வண்டி குடைசாய்ந்து அம்மாவுக்குப் பலத்த அடி. பிள்ளை பெற்ற உடம்பு. அதற்குப் பிறகு அவள் சரியாகத் தேறவே இல்லை.

ஓடும் வண்டியின் ஏர்க்காலிலிருந்து கீழே குதிப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டிருந்தது. லாரமி கோட்டைக்கு அரைநாள் தொலைவில் கேத்தரின் அப்படிக் குதித்தபோது கவுன் ஒரு கோடரிப்பிடியில் மாட்டி, சக்கரத்தின் கீழ் விழுந்தாள். அப்பா மாட்டை நிறுத்துவதற்குள் சக்கரம் காலில் ஏறி இறங்கிவிட்டது. தூக்கிப் பார்த்தால் கால் தொங்குகிறது. “கண்ணு, உன் கால் தூள்தூளாப் போச்சே” என்று அப்பா குரல் உடைந்தார். சாரை நின்றது. தொடக்கத்தில் சாட்டையோடு நின்றாரே, அந்த ஜெர்மன் டாக்டரைத் தேடிப் பிடித்துக் காலைக் கட்டினார்கள். அன்றிரவே லாரமி போய்ச் சேர்ந்தார்கள்.

அதன்பிறகு பயணம் முடியும்வரை கேத்தரினுக்கு வண்டிக்குள் படுக்கைதான். அவள் எழுத்தில் மலைகளைவிட வண்டிக்குள் நடப்பது அதிகம். யார் இரவில் வந்து அம்மாவின் முகத்தைத் துடைத்தார்கள், யார் ரொட்டி கொடுத்தார்கள், யார் யாரிடம் அழுதார்கள் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பக்கத்தில் படுத்திருந்தவள் அவள். வீரக்கதைக்குத் தேவையான பரந்த வெளி அவள் கண்ணுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. நாவலாசிரியர்கள் அந்த வெளியை நிரப்பிக்கொண்டார்கள். அவள் கிடந்த அந்தப் பத்தடிப் பெட்டிதான் அவர்கள் கையில் சுருங்கிப் போனது.

அப்பாவுக்கு முகாம் காய்ச்சல் வந்தது. டைபாய்டாக இருந்திருக்கலாம். கிரீன் ஆற்றைக் கடக்கும் இடத்தில், பக்கத்தில் கால் கட்டோடு படுத்திருந்த மகளைப் பார்த்து, “பாவம் பிள்ளை, உன் கதி என்னவாகும்” என்றார். கேப்டன் ஷா வந்து பார்த்தபோது அவர் விம்மி அழுதுகொண்டிருந்தார். மனைவி நோயாளி, பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள், ஒருத்தி நொண்டியாகிவிடக் கூடும், சொந்தபந்தம் யாரும் பக்கத்தில் இல்லை. இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்று கெஞ்சினார். ஷா வாக்குக் கொடுத்தார். மறுநாள் ஆற்றங்கரையில் அடக்கம். ஒரு மரத்தண்டைக் குடைந்து இரண்டு தொட்டியாக்கி, அதுதான் சவப்பெட்டி.

வண்டியோட்ட அம்மா ஒரு வாலிபனைக் கூலிக்கு வைத்தாள். ஜெர்மன் டாக்டருக்கு மாடு ஓட்ட வராது என்பது அவள் பயம். டாக்டரோ, ஓரிகனிலிருக்கும் வில்லமெட் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விடமாட்டேன் என்று கூடவே இருந்துகொண்டார். பிரிட்ஜர் கோட்டையருகே ஓடையில் மீன் நிறைய; வண்டிக் கித்தானையே வலையாக்கி அரித்தார்கள். அன்று மாலை அந்த வாலிபன், துப்பாக்கி தந்தால் வேட்டையாடி வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். முன்னால் போன சாரையில் அவனுடைய காதலி இருந்தாளாம். துப்பாக்கி மட்டும் மிஷன் நிலையத்தில் இவர்களுக்காகக் காத்திருந்தது!

இந்த ஓடிப்போன வாலிபன் எனக்கு ரொம்பப் பிடித்தவன். துரோகியாக்கலாம், கோமாளியாக்கலாம், ஆனால் எடுத்த துப்பாக்கியைத் திருடாமல் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறானே, அதை என்ன செய்வது? ஒரே வரியில் முழு ஆள் வந்து நிற்கிறான். கற்பனையாக எழுதினால் இப்படி வராது.

அம்மாவுக்கும் காய்ச்சல். வாய் முழுக்கப் புண். புழுதி மூடிய பாதையில், பிதற்றியபடி, இறந்துபோன கணவனைப் பக்கத்தில் இருப்பவனாக நினைத்துப் பேசிக்கொண்டு கிடந்தாள். சாரையிலிருந்த பெண்கள் இரவு தோறும் வந்து அவள் முகத்துப் புழுதியைக் கழுவிவிட்டார்கள். கைக்குழந்தையை எடுத்துப் போய்ப் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தான். ஒருநாள் வழக்கம்போல் ஒரு பெண் வந்து, தூங்குகிறாள் என்று நினைத்து முகம் கழுவி, கையைப் பிடித்தபோது நாடி ஒடுங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகச் சொன்னது: “ஹென்றி, நாங்க பட்ட பாடு உனக்குத் தெரிஞ்சிருந்தா!”

இது இன்றைய ஐடஹோ மாநிலத்தில், ட்வின் ஃபால்ஸ் ஊர்ப்பக்கம். பாதையோரமே குழி. அடியில் வில்லோ மரக் கிளைகள் பரப்பி, மேலேயும் அதையே மூடி, மண் தள்ளினார்கள். ஒரு பலகையில் பெயரைச் செதுக்கி நட்டார்கள். சாரை நகர்ந்தது. அப்பா போய் இருபத்தாறாவது நாள்.

மிச்ச வழி

அங்கிருந்து மிஷன் நிலையம் இன்றைய சாலைக் கணக்கில் 600 கிலோமீட்டருக்கு மேல். நாவல்கள் ஜானைத் தலைவனாக்கும் பகுதி இதையொட்டித்தான் வருகிறது. கேத்தரின் என்ன எழுதுகிறாள்?

ஏழு பேரையும் மொத்தக் கூட்டமும் தத்தெடுத்துக்கொண்டது என்கிறாள். உதவ மாட்டேன் என்றவர் ஒருவர்கூட இல்லை. சாகும் முன் அறிவு தெளிந்திருந்த நேரத்தில் அம்மா பிள்ளைகளை டாக்டரிடமும் ஷாவிடமும் ஒப்படைத்திருந்தாள். மாவு தீர்ந்தபோது ஷா குடும்பம் தங்கள் ரொட்டியைக் கொடுத்தது. கடைசி ரொட்டியையும் பிய்த்துப் பங்கு போட்டது. பிள்ளைகளுக்கு அவர்கள் பில்லி மாமா, சாலி அத்தை. பெரியவர்களான பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பாம்பு ஆற்றின் கரையில் தங்கி, களைத்த மாடுகளுக்குப் பாரம் குறைய, நாலு சக்கர வண்டியை வெட்டி இரட்டைச் சக்கர வண்டியாக்கினார்கள். சாமான் சிலவற்றை விற்றார்கள், சிலவற்றை வெட்டவெளியில் போட்டுவிட்டு வந்தார்கள். கிராண்ட் ரோண்ட் பள்ளத்தாக்கில் தங்கை ஒருத்தியின் உடையில் தீப்பிடித்தது. டாக்டர் தன் கைகள் வெந்துபோக அணைத்தார். இன்னொரு இரவு, உறையும் குளிரில் குழந்தை அழும் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்த ஷா, வண்டியிலிருந்து இறங்கி வெளியே கிடந்த குட்டித் தங்கையைத் தூக்கிவந்தார். இந்த இரண்டு இடத்திலும் ஒரு பெரியவர் கண்விழித்து இருந்ததால்தான் பிள்ளை பிழைத்தது. நாவலின் தர்க்கப்படி அந்த இரவில் அவர் அங்கே இருக்கவே கூடாது.

ஈர விறகு பற்றாமல் புகைந்தபோது பிரான்சிஸ் உதவி செய்கிறேன் என்று வெடிமருந்துக் கொம்பை நெருப்பின் மேல் பிடித்தான். அது வெடித்தது. ஓடையில் முகம் கழுவித் திரும்பியபோது இமைமயிர் இல்லை, புருவம் இல்லை, முகம் கரிக்கட்டை. பன்னிரண்டு வயதுப் பையன் நிஜத்தில் செய்வது இதைத்தான். இவனும் இவன் அண்ணனும் தனியாகக் கூட்டம் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்து மாதக் கைக்குழந்தையின் பசிக்கு என்ன செய்திருப்பார்கள்? தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை இரண்டு பையன்கள் மட்டும் அந்த வழியில் உயிரோடு கொண்டுவருவது நடக்கிற காரியமா என்று வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காத்தும்கூட அது சாகக் கிடந்தது. பிறகு தனியாகக் கொண்டுவந்து சேர்க்கவேண்டியிருந்தது.

நீல மலைகளில் மாடுகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. அப்போது எதிரே காட்டெருமை வேட்டை முடித்துத் திரும்பிய, அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான கயூஸ் மக்கள் வந்தார்கள். மிஷன் ஆட்களைப் பற்றி உயர்வாகப் பேசினார்கள், உதவக் காத்திருந்தார்கள் என்கிறாள் கேத்தரின். நடக்கமாட்டாமல் வழியில் விடப்பட்ட மாடுகளை ஓட்டிவந்து உரியவரிடம் சேர்த்தார்கள். உமட்டிலா ஆற்றங்கரையில், கிளம்பிய நாளிலிருந்து கண்ணில் படாத உருளைக்கிழங்கைப் பூர்வகுடிகளிடம்தான் விலைக்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். அம்பும் தீவட்டியுமாக வண்டிகளைச் சுற்றி வளைக்கும் காட்சிக்குப் பழகிய வாசகருக்கு இந்த இரண்டு வரிகள் போதும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 17 அன்று சாலி அத்தை விடைகொடுத்தாள். வண்டி மறையும்வரை நின்றாள். முன்பின் தெரியாதவர்களிடம் வீடு தேடிப் போன அந்த ஒரு வண்டி அனாதைகளைப்போல் பரிதாபமான காட்சியைத் தான் கண்டதில்லை என்று பின்னாளில் சொன்னாளாம்.

மிஷனில் இருந்தவர்கள் மார்கஸ் விட்மன், நர்சிஸா விட்மன் தம்பதி. மார்கஸ் மருத்துவரும்கூட. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று ஷா கேட்டபோது, நர்சிஸா குன்றின் அடிவாரத்தைக் காட்டி, எனக்கிருந்த ஒரே பிள்ளை அங்கே தூங்குகிறது என்றாள். 1839இல், இரண்டு வயதில், ஆற்றில் மூழ்கிய மகள் அலிஸ் கிளாரிசா. நர்சிஸா ஏழு பேரையும் ஏற்றுக்கொண்டாள்.

ஏன் பெரியவர்களை விரட்டினார்கள்

சிறுவர் நாவலின் பழைய தொழில் ரகசியம் இது: முதலில் பெரியவர்களை வெளியே அனுப்பு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் முடிவெடுப்பது அவர் வேலையாகிவிடும். பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. மோரோவும் வான் டெர் லூஃபும் அந்தத் தொழிலைத்தான் செய்தார்கள். கதையாக அது ஓடுகிறது, மறுக்கவில்லை. முரடனாயிருந்த பையன் பொறுப்புள்ளவனாக மாறும் வளைவு வாசிப்பவனை இழுத்துப்போகும்.

1926இல் அமெரிக்காவுக்கு அப்படி ஒரு பையன் வேண்டியிருந்தது. குடியேற மேற்கே இனி எல்லைப்புறம் என்று ஒன்று இல்லை என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவித்து முப்பதாண்டு தாண்டியிருந்தது. தன் கையே தனக்குதவி என்ற முன்னோடிப் பிம்பம் அதற்குப் பிறகுதான் மெருகேறியது. 1949இன் டச்சு வாசகருக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். போர் முடிந்து நாலே வருடம். பெற்றோரை இழந்து, தம்பி தங்கையைக் கையில் பிடித்துச் சாலையில் நடக்கும் பிள்ளை அவர்களுக்குக் கற்பனையல்ல. இது என் ஊகம்தான். ஆனால் ஓரிகன் போன ஒரு வண்டி ஐரோப்பாவில் போய் நின்றதற்கு வேறு பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

என் குறை நாவலில் கற்பனை கலந்தது பற்றியல்ல. கலக்கட்டும். இந்த நிகழ்வின் உயிர் எங்கே இருந்ததோ அந்த இடத்திலேயே கத்தி வைத்தார்கள் என்பதுதான். ஏழு அனாதைகள் 600 கிலோமீட்டர் தாண்டியது பையனின் மனவலிமையால் என்று ஆகும்போது, கடைசி ரொட்டியைப் பிய்த்த சாலி அத்தையின் கை மறைகிறது. சாரையிலிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாவு தீர்ந்துகொண்டிருந்தது, மாடு விழுந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஏழு வாயைக் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல இது ஒரு கதை இல்லையா? ஜெர்மன் டாக்டரை நாயகனாக்கிக்கூட ஒரு சிறுவர் நாவல் எழுதலாம். மாடு ஓட்டத் தெரியாது, சொந்தமில்லை பந்தமில்லை, கை வெந்தும் சாட்டையை விடவில்லை.

ஜானுக்குமே இது அநியாயம். மிஷன் வாசலில் அவன் அழுதான். வந்து சேர்ந்த வெற்றியில் நிமிர்ந்து நிற்கவில்லை. இனி யாரோ ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற நிலை வந்ததும் உடைந்து அழுகிற பையன்தான் எனக்கு நம்பும்படி இருக்கிறான்.

எங்கே நிறுத்துவது

இந்தக் கதையை எழுதும் எவரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. நாவல்கள் மிஷன் வாசலோடு முடிந்துவிடுகின்றன. பிள்ளைகள் வந்தாயிற்று, குழந்தை நர்சிஸாவின் மடியில், சுபம்.

மூன்று வருடம் கழித்து, 1847இல், தட்டம்மை பரவியது. புதிதாக வந்த வண்டிகளோடு வெள்ளையர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விட்மன் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். இந்த நோயை உடம்பு முன்பின் அறியாத கயூஸ் மக்களில் பாதிப்பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. ஒரே மருத்துவர், ஒரே மருந்து, எங்கள் பிள்ளைகள் மட்டும் ஏன் சாகிறார்கள்? நோயாளியைச் சாகவிட்ட வைத்தியனைக் கொல்லும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. விஷம் வைக்கிறார் என்ற வதந்தியும் கிளம்பியது. நிலம் கைவிட்டுப் போகும் அச்சம் அதற்கு அடியில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது.

நவம்பர் 29 அன்று மார்கஸ், நர்சிஸா உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். எல்லாம் முடிந்தபோது இறந்தவர்கள் 13 பேர். ஜான் சமையலறையில் துடைப்பம் கட்டுவதற்கான கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அங்கேயே கொல்லப்பட்டான். பள்ளிக்கூடப் பரணில் மற்றப் பிள்ளைகளோடு ஒளிந்த பிரான்சிஸும் அன்றே சுடப்பட்டான். சில நாளில் லூயிசா தட்டம்மையில் இறந்தாள், ஆறு வயது. பிடித்துவைக்கப்பட்ட மற்றவர்களை ஒரு மாதம் கழித்து, தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் பீட்டர் ஸ்கீன் ஆக்டன் பொருள் கொடுத்து மீட்டார்: 62 கம்பளி, 63 சட்டை, 12 துப்பாக்கி, 600 சுடுமருந்துக் கட்டு, 37 பவுண்டு புகையிலை, 12 சக்கிமுக்கிக் கல். 1850 ஜூன் 3 அன்று ஓரிகன் சிட்டியில் கயூஸ் ஆட்கள் ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1855 உடன்படிக்கையில் அந்த மக்கள் தங்கள் மண்ணின் பெரும்பகுதியை இழந்து உமட்டிலா ஒதுக்குப் பகுதிக்குள் சுருங்கினார்கள்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் எழுத வேண்டுமா? நாவல் எங்கேயாவது நின்றுதான் ஆகவேண்டும். மிஷன் வாசலில் நிற்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நிற்பவர், நீல மலையில் மாட்டை ஓட்டிவந்து கொடுத்த கயூஸ்காரரைக் கதைக்குள் வைத்திருந்தால், பிள்ளை வளர்ந்து மிச்சத்தைத் தானாகப் படிக்கும்போது, கொன்றவர்களும் முன்பு மாட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களும் ஒரே மக்கள் என்று அதற்குத் தெரிந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்று கேட்கவும் தோன்றும்.

சாட்சியையும் கொஞ்சம் சோதிக்கலாம்

கேத்தரின் எழுத்து வேதவாக்கல்ல. பதினாறு வருடம் கழித்து எழுதியது. ஜானுக்குப் பதினான்கு என்கிறாள், பிறந்த வருடக் கணக்கு பதின்மூன்றுக்கு வருகிறது. அப்பாவின் எலும்புகளை அடுத்த வருடம் வந்தவர்கள் வெளியே கண்டார்கள், செவ்விந்தியர்கள் குழியைத் தோண்டிவிட்டார்கள் என்கிறாள். அவள் அங்கே இல்லை, கேள்விப்பட்டது. அந்தப் பாதையில் ஆழமில்லாத குழிகளை ஓநாய்கள் தோண்டுவது சகஜம். பழி யார் மேல் சுலபமாக விழும் என்பது நமக்குத் தெரியாததா? கயூஸ்காரர்கள் தங்களை ‘டாக்டர் விட்மனின் ஆட்கள்’ என்று சொல்லிக்கொண்டதாக அவள் எழுதும் இடத்திலும் எனக்குச் சந்தேகம் வருகிறது. அண்ணன்கள் இருவரையும் ஒரே நாளில் இழந்தவள் அவள் என்பதையும் மறக்கக்கூடாது. அப்படியிருந்தும் மாட்டைத் திருப்பிக் கொடுத்த வரியை அவள் அடித்துவிடவில்லை.

எதற்காக எழுதினாள் என்பதும் தெரியும். புத்தகம் விற்ற காசில், நர்சிஸாவின் நினைவாக ஓர் அனாதை இல்லம் கட்டவேண்டும் என்று. பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1910இல் இறந்தாள். வழியில் பிறந்த கைக்குழந்தை, பிறகு ஹென்ரியட்டா நவோமி என்று அப்பா அம்மா பெயர்கள் சூட்டப்பட்டவள், அதற்கு நாற்பது ஆண்டு முன்பே 26 வயதில் போய்விட்டாள். எலிசபெத் 1925இல்.

அடுத்த வருடம் மோரோவின் நாவல் வந்தது. அப்போது மடில்டா உயிரோடு இருந்தார். மிஷன் வாசலில் வண்டியை ஒட்டி நின்றபோது ஐந்து வயது, இப்போது எண்பத்தாறு. 1928 வரை இருந்தார். தன் நினைவுகளை அவர் 1920இலேயே சிறு புத்தகமாக அச்சிட்டிருந்தார். அதன் தொடக்கத்திலேயே, எங்கள் சாரைக்குத் தலைவர் வில்லியம் ஷா என்று இருக்கிறது.